காருக்குள் இடி முழக்கம்!

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் புளோரிடா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய கடற்கரை நகரம், மியாமி.

1980-களில் அந்த ஊர் வாலிபர்களுக்கு ஒரு மோகம் பிடித்தது. காரின் பின்பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கியை மாட்டினார்கள். பாட்டைப் போட்டார்கள். "தும்... தும்..." என்று சத்தம் எழுந்தது. கண்ணாடி நடுங்கியது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதானே அவர்களுக்கு வேண்டும்!

அந்த ஒலிபெருக்கிக்கு "சப்-ஊபர்" என்று பெயர். பாட்டில் உள்ள மிகத் தாழ்ந்த ஓசையை மட்டும் அது வெளியிடும். அந்த ஓசையை "பேஸ்" என்பார்கள்.

கார் ஏன் நடுங்குகிறது?

ஓசை என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு 20 முறை அதிர்ந்தால்தான் மனிதனின் காது அதை ஓசையாகக் கேட்கும். சப்-ஊபர் வேலை செய்வது 20 முதல் 80 அதிர்வு வரை. சிறிய ஒலிபெருக்கியால் இது முடியாது.

நொடிக்கு 20 அதிர்வு உள்ள ஓசையின் ஓர் அலை, 17 மீட்டர் நீளம்! காரோ சிறிய பெட்டி. அலை நீண்டு போக இடம் இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் காற்று முழுவதும் அமுங்கி அமுங்கி விரிகிறது. கதவும் கண்ணாடியும் நடுங்குகின்றன. உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சும் அதிர்கிறது.

ஒதுக்கப்பட்ட கருவி

இந்த மோகத்துக்கு உதவியது ஒரு ஜப்பான் கருவி. 1980-ல் ரோலண்ட் கம்பெனி "டி.ஆர்.808" என்ற மின்சாரத் தாளக் கருவியை வெளியிட்டது. "இது நிஜ முரசு போல இல்லையே!" என்று பலர் ஒதுக்கினார்கள். 1983-ல் தயாரிப்பு நின்றது.

பழைய கருவிகள் மலிவாகக் கிடைத்தன. கையில் காசு இல்லாத இளம் கலைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். அதன் "தும்" நீண்ட நேரம் நின்று ஒலிக்கும். அதை வைத்தே பாட்டுக் கட்டினார்கள். "மியாமி பேஸ்" என்ற புது இசை பிறந்தது. 1991-ல் டெக்மாஸ்டர் பி.இ.பி. வெளியிட்ட "பேஸ் கம்ப்யூட்டர்" என்ற இசைத்தட்டு, கார்க்காரர்களிடம் புகழ் பெற்றது.

எந்த இசை நல்லது?

சத்தமான பாட்டெல்லாம் பேஸ் உள்ள பாட்டு அல்ல. அமைதியாகத் தொடங்கி, திடீரென்று இறங்கும் இசையே சப்-ஊபரின் திறமையைக் காட்டும்.

நீண்டு நிற்கும் "தும்" ஓசை, கருவி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று காட்டும். "டக் டக்" என்ற முரசடி, கருவி சட்டென்று நிற்கிறதா என்று காட்டும். அடி ஓய்ந்த பிறகும் ஓசை இழுத்தால், கருவியைப் பொருத்தியதில் கோளாறு இருக்கலாம்.

பழைய இசையும் இதற்கு உதவும். பெரிய ஆர்கன் வாத்தியங்களில் 32 அடி நீளக் குழாய் உண்டு. அதன் ஓசை நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. காதில் கேட்பதைவிட உடம்பில் உணர்வதே அதிகம்!

ருஷ்ய இசை மேதை சைக்காவ்ஸ்கி 1880-ல் "1812" என்ற இசையை அமைத்தார். அதில் பீரங்கி வெடிக்கும். 1979-ல் டெலார்க் கம்பெனி நிஜப் பீரங்கியின் ஓசையோடு அதை வெளியிட்டது. "முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்" என்று எச்சரிக்கையும் அச்சிட்டது!

ஓசை கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடலாம்.

கோர்ட்டுக்குப் போன சத்தம்

கார் ஓசை 25 அடிக்கு அப்பால் தெளிவாகக் கேட்டால் குற்றம் என்று புளோரிடாவில் சட்டம் இருந்தது. 2007-ல் ஒரு வக்கீலே அதில் மாட்டிக்கொண்டார்! அவர் சும்மா இருப்பாரா? வழக்காடினார்.

வியாபார வண்டிக்கும் தேர்தல் பிரசார வண்டிக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. "அவர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா?" என்ற கேள்வி எழுந்தது. 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் 2022-ல் 25 அடிக் கட்டுப்பாடு மறுபடியும் வந்துவிட்டது.

காது திரும்பி வராது

சட்டத்திடம் தப்பலாம். காதிடம் தப்ப முடியாது.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்க நிபுணர்களின் கணக்கு. சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்!

தாழ்ந்த ஓசை காதுக்குக் குறைவாகவே கேட்கும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கை தானாகத் திருகும். ஆபத்து அங்கேதான். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பது இல்லை.

பாட்டை நிறுத்திய பிறகும் காதில் "ஙொய்" என்று இரைகிறதா? சத்தம் அளவு கடந்துவிட்டது என்று அர்த்தம். பின் ஆசனத்தில் குழந்தை இருந்தால் கவனம் இரு மடங்கு வேண்டும். அதற்குச் சொல்லத் தெரியாது.

வானத்தில் இடி இடித்தால் மழை வரும். காருக்குள் அளவு மீறி இடித்தால் காது போகும்!