எந்தக் குதிரை ஜெயிக்கும்?

நம் திருவனந்தபுரத்தில் குதிரைகளை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கேகோட்டைக்குத்தான் போக வேண்டும். பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரை மாளிகையின் கூரைக்கடியில் 122 மரக்குதிரைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அழைத்துப் போய் எண்ணச் சொல்வது என் வழக்கம். இந்த 122-ல் எதுவும் ஓடாது. ஆகவே எதன் மேலும் பணம் கட்டி யாரும் கெட்டதில்லை.

சென்ற ஏப்ரல் மாதம் ஒரு நாள் இரவு, லிவர்பூலில் மேற்படிப்புப் படிக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, இங்கே சனிக்கிழமை கிராண்ட் நேஷனல் ரேஸ். முப்பத்துநாலு குதிரை ஓடுது. நீங்க மெட்ராஸ்ல இருந்தப்ப கிண்டிக்குப் போனவராச்சே. எதுல போடலாம்னு சொல்லுங்க!" என்றான். பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நம் சங்கத்து அன்பர்கள் பலரின் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே பந்தயம் கட்டுவது சட்டப்படி நடக்கும் வியாபாரம். "கூடாது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் பிள்ளைகள் கேட்பார்களா? மருமகனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

வேலி தாண்டும் பந்தயம்

கிண்டியில் நடந்தது சமதரை ஓட்டம். கிராண்ட் நேஷனல் வேறு ரகம். அயர்லாந்தில் 1752-ல் இரண்டு பேர் ஒரு சர்ச் கோபுரத்திலிருந்து இன்னொரு சர்ச் கோபுரம் வரை, வழியில் வந்த வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டிப் போட்டியிட்டார்களாம். கோபுரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள். அதனால் ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர் வந்தது. லிவர்பூலை அடுத்த எயின்ட்ரீ திடலில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் சுமார் 7 கிலோமீட்டர் தூரமும் 30 தாண்டல்களும் உண்டு. ஏழு வயது நிரம்பாத குதிரைக்கு அனுமதி இல்லை. 40 குதிரைகள் ஓடிக்கொண்டிருந்ததை 2024-லிருந்து 34 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இதில் ஜெயிக்கக்கூடிய குதிரையை எப்படி மதிப்பிடுவது? ரயில்வேக்காரனுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஓர் எஞ்சின் வண்டியை இழுத்துவிடுமா என்று கேட்டால், எஞ்சினின் பலத்தை மட்டும் பார்த்து நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். சுமை எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, தண்டவாளம் காய்ந்திருக்கிறதா, மழையில் நனைந்திருக்கிறதா என்று கேட்போம். புனலூரிலிருந்து ஆரியங்காவு மலை ஏறும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

குதிரைக்கும் அதே கேள்விகள்தான். முதலில் பழைய ஓட்டங்கள். பந்தயப் புத்தகத்தில் குதிரையின் பெயரருகே சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். கடைசியில் இருப்பது சமீபத்திய ஓட்டம். எண் என்றால் வந்த இடம். எஃப் என்றால் விழுந்தது. யு என்றால் ஓட்டியவர் கீழே விழுந்தார். பி என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆர் என்றால் தாண்ட மறுத்தது. சமதரைப் பந்தயத்தில் வேகம் போதும். இங்கே வேகமாக ஓடி ஐந்தாவது வேலியில் விழும் குதிரையைவிட, நிதானமாக முப்பதையும் தாண்டும் குதிரை மேல்.

அடுத்தது தரை. மழையில் ஊறிய தரையில் ஓடப் பிடிக்கும் குதிரை உண்டு. காய்ந்த தரையில் மட்டுமே ஓடும் குதிரையும் உண்டு. "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்ற பழமொழியில் குதிரை கிடையாது, ஆற்றில் சேரும் மணல்மேடான 'குதிர்'தான் அது என்று சில தமிழாசிரியர்கள் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் காலடி மண்ணைப் பார் என்பதே பாடம்.

பாரம் செய்யும் வேலை

எல்லாவற்றிலும் முக்கியம் பாரம். நல்ல குதிரைக்கு அதிகப் பாரமும் சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரமும் கொடுத்து, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி சமன் செய்வதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. இந்தப் பந்தயத்தில் ஜெயிக்கும் குதிரை ஆகச் சிறந்த குதிரையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

1973-ஆம் ஆண்டு ஓட்டம் இதற்கு நல்ல சாட்சி. கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ சுமந்தது. ரெட் ரம் சுமந்தது 66 கிலோ. பத்தரைக் கிலோ வித்தியாசம். கிரிஸ்ப் நெடுந்தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசி வேலியைத் தாண்டிய பிறகு சுமார் 450 மீட்டர் வெறும் ஓட்டம். அங்கே அதன் கால் பின்னிற்று. ரெட் ரம் எட்டிப் பிடித்து முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டுமே பழைய சாதனை நேரத்தை முறியடித்திருந்தன. அன்று சிறந்த குதிரை எது என்று கேட்டால் நான் கிரிஸ்ப் என்பேன். ஜெயித்தது எது என்று கேட்டால் ரெட் ரம். மறுவருஷம் ரெட் ரம் தானே 12 ஸ்டோன் சுமந்து ஜெயித்தது. 1977-ல் பன்னிரண்டு வயதில் மூன்றாம் முறையும் ஜெயித்தது. காலில் எலும்பு நோய் கண்ட அந்தக் குதிரையை அதன் பயிற்சியாளர் நம் சங்குமுகம் போன்ற ஒரு கடற்கரை மணலில் ஓட்டிப் பழக்கினார்.

இதெல்லாம் அறிவுக்கு எட்டும் விஷயங்கள். எட்டாததும் உண்டு. 1967-ல் 23-ஆவது வேலியில், ஓட்டுபவர் இல்லாமல் ஓடிய ஒரு குதிரை குறுக்கே திரும்பிவிட, பின்னால் வந்தவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. மிகவும் பின்தங்கி வந்த ஃபாய்னவன் மட்டும் வழி கிடைத்துத் தாண்டிப் போய் ஜெயித்தது. அதற்கு விலை ஒன்றுக்கு நூறு! எந்தப் புத்தகத்தைப் படித்து இதைச் சொல்லியிருக்க முடியும்?

கிண்டியில் கட்டிய கடன்

திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1896-ல் தொடங்கிய மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்காடியது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. (2024 செப்டம்பரில் கிண்டித் திடலின் குத்தகையையே அரசு ரத்து செய்தது வேறு கதை.) கேரளத்தில் 1967-ல் தொடங்கிய அரசு லாட்டரி முழுக்க அதிர்ஷ்டம். ஒரு வேடிக்கை பாருங்கள்: 1839-ல் கிராண்ட் நேஷனலில் ஜெயித்த குதிரையின் பெயர் லாட்டரி!

திறமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் திறமை நிறைந்த ஒருவரை அறிவேன். 1980-களில் சைதாப்பேட்டையில் தங்கியிருந்தபோது, எங்கள் பிரிவில் ஒரு சீனியர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பந்தயப் புத்தகம் படிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். குதிரை நடக்கும் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் சொன்னது பலமுறை பலித்தது. ஆனால் நாளின் கடைசிப் பந்தயத்தில், விட்டதைப் பிடிக்க, கையில் இருப்பதையெல்லாம் வைப்பார். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த பி.எஃப். பணம் ஒரே சீசனில் போயிற்று. கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று சொசைட்டிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவரால் கட்ட முடியவில்லை. பதினெட்டு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணமான புதிது. என் மனைவி எழுந்து உள்ளே போனதற்குக் காரணம் இதுதான்.

விலைக் கணக்கு

அண்ணனின் தவறு குதிரையில் இல்லை, கணக்கில் இருந்தது. ஒரு சீசன் முழுவதும் பணம் கட்டாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பார்த்தேன். 60 பந்தயம், பந்தயத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்து 600 ரூபாய். 21 முறை என் குதிரை ஜெயித்தது. மூன்றில் ஒன்றுக்கு மேல்! கூட்டிப் பார்த்தால் திரும்பி வந்தது 525 ரூபாய். நஷ்டம் 75.

ஏன்? ஒன்றுக்கு ஒன்பது விலை என்றால், அந்தக் குதிரைக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று ஊர் நினைக்கிறது. எனக்குத் தெரிந்த பாரமும் தரையும் ஊருக்கும் தெரியும். அது ஏற்கெனவே விலையில் சேர்ந்துவிட்டது. நல்ல குதிரை என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஊர் நினைப்பதைவிட நல்ல குதிரை என்று தெரிய வேண்டும். அதோடு, பலகையில் உள்ள எல்லா விலைகளையும் சதவீதமாக்கிக் கூட்டினால் நூறைத் தாண்டும். தாண்டியது புக்கியின் பங்கு. டோட்டில் கட்டினாலோ, கமிஷனும் வரியும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பிரிப்பார்கள். ஆகவே திறமைசாலியும் முதலில் இந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வர வேண்டும். ஏறுகிறவர்கள் மிகச் சிலர்.

மருமகனிடம் இதைச் சொல்லி, "மூணு குதிரை எழுது. ஏன்னு எழுது. பத்துல எத்தனை வாய்ப்புன்னும் எழுது. காசு மட்டும் கட்டாதே" என்றேன். எழுதினான். சனிக்கிழமை ஒன்று விழுந்தது, ஒன்று பாதியில் நின்றது, ஒன்று நான்காவதாக வந்தது. "மாமா, என் கணக்கு தப்பா?" என்று கேட்டான்.

"ஒரு பந்தயத்தை வெச்சு எப்படிடா சொல்றது? அறுபது எழுது, அப்புறம் பேசலாம்" என்றேன். இதுவரை இருபத்திரண்டு எழுதியிருக்கிறான். நோட்டில் 40 பவுண்டு நஷ்டம். பையில் ஒன்றும் குறையவில்லை. போன வாரம் அவன் பேசியபோது என் மனைவி போனை வாங்கி, "அடுத்தது எந்தக் குதிரைடா?" என்று அவளே கேட்டாள்.