பார்ப்பவரும் ஆடுபவர் ஆகலாம்



தைப்பூசத் திருநாளில் பத்துமலைக் குகைக் கோயிலுக்குக் காவடிகள் செல்வதைப் பலர் வீட்டிலிருந்தே நேரலையாகக் கண்டு மகிழ்கின்றனர். எனினும், கண்டதனால் மட்டும் அவர்கள் 272 படிகளையும் ஏறியவர் ஆகார். காண்பது வேறு, செய்வது வேறு. கணினி விளையாட்டிலும் இவ்வேறுபாடு நெடுங்காலமாக இருந்து வந்தது. இப்பொழுது அது குறையத் தொடங்கியுள்ளது.

பிறர் ஆடும் விளையாட்டை இணையத்தின் வழி நேரலையாகக் காட்டும் தளங்களுள் ட்விட்ச் புகழ்பெற்றது. 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அதனை, 2014இல் அமேசான் நிறுவனம் வாங்கியது. நம் நாட்டிலும் இவ்வார்வம் மிகுதி. மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டின் முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரில்தான் நடைபெற்றது. அரங்கிற்கு வர இயலாதோர் அதனை இணையத்தில் கண்டனர்.

மேகக் கணினி விளையாட்டு என்பது யாது? வழக்கமாக, ஆட்டத்தை இயக்கும் கணினி நம் வீட்டில் இருக்க வேண்டும். இம்முறையிலோ அது தொலைவிலுள்ள பெரிய கணினி நிலையத்தில் இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தியதும் கட்டளை அங்கே செல்கிறது. ஆட்டத்தின் படம் உடனே நம் திரைக்கு வருகிறது. ஆகவே, விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. சாதாரணத் திரையும் விரைவான இணையமும் போதும்.

இதனால் நேரலைத் தளங்களுக்கு என்ன நேரும்?

முதலாவது, பார்ப்பவர் ஆடுபவர் ஆகலாம். 2019 நவம்பரில் கூகுள் நிறுவனம் ஸ்டேடியா என்னும் சேவையைத் தொடங்கியது. யூடியூபில் ஒருவர் ஆடுவதைக் காண்போர், ஒரு பொத்தானை அழுத்தி அவருடைய ஆட்டத்திலேயே சேர்ந்துகொள்ளும் வசதி அதன் சில விளையாட்டுகளில் இருந்தது.

இரண்டாவது, ஆடுகளமும் பார்வையாளர் கூடமும் ஒரே முதலாளியின் கைக்குச் செல்லக்கூடும். யூடியூப் கூகுளுக்கு உரியது. ட்விட்ச்சை வைத்திருக்கும் அமேசானும் 2020இல் லூனா என்னும் மேக விளையாட்டுச் சேவையை அறிவித்தது. இத்தகைய சேவை இல்லாத சிறு தளங்கள் பார்வையாளரை இழக்க நேரலாம்.

மூன்றாவது, செலவு. வலையமைப்புக் கட்டணம் மிகுந்ததால் ட்விட்ச் 2024 பிப்ரவரியில் தென் கொரியாவை விட்டு விலகியது. மேக விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு கணினியின் உழைப்பும் தனிப் படமும் வேண்டியிருப்பதால் செலவு இன்னும் கூடும். போதிய ஆதரவு பெறாத ஸ்டேடியா 2023 ஜனவரி 18இல் மூடப்பட்டது. விளையாட்டுகளுக்குச் செலுத்திய பணத்தைக் கூகுள் திருப்பித் தந்தது.

பெற்றோர்களே! நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் 4.5 ஜிகாபைட் தரவு செலவாகும். கைப்பேசிக்கு வாங்கிய மாதத் தரவு சில மாலைப் பொழுதுகளிலேயே தீர்ந்துவிடலாம். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் விலைமிக்க இயந்திரமின்றி ஆடலாம் என்பது நல்லதே. ஆயினும், இதுநாள் வரை அவ்வியந்திரத்தின் விலையே வேலியாகவும் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஓர் அழுத்தத்தில் ஆடத் தொடங்கும்போது அவ்வேலி இராது. எவ்விளையாட்டு, எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளையுடன் அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மாணவர்களே! ஆட்டத்தை இயக்கும் கணினி எங்கிருந்தாலும், அதனை நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில்தான் உள்ளது. அளவறிந்து ஆடுவீர், நன்கு கற்று உயர்வீர்!