பேதி பிடித்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

திருத்தங்கல். பொழுது இப்போதுதான் விடிந்திருக்கிறது. ஒரு வீட்டில் பத்து மாதக் குழந்தைக்கு இரவு முதல் பேதி. ஆறு தடவை போய்விட்டது. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. தாய் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழிக்கிறாள்.

"தண்ணி கொடுக்காதே தாயி! உள்ளே போறதெல்லாம் வெளியேதான் வருது. வயித்தைக் காயப் போடு" என்கிறாள் அப்பத்தா.

"பல்லு முளைக்கிற பேதிதான். தானா நின்னுரும்" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. "தொக்கம் எடுத்தாச் சரியாப் போகும்" என்கிறாள் இன்னொருத்தி.

இந்த வீடு எந்த ஊரிலும் இருக்கலாம். உங்கள் வீடாகவும் இருக்கலாம். அப்பத்தாவுக்குப் பேரப்பிள்ளை மேல் பாசம் இல்லையா? கொள்ளைப் பாசம்! ஆனால் அவள் சொல்லும் யோசனைதான் பிள்ளைக்கு எமன்.

ஒரு சொம்புத் தண்ணீர்

பேதியில் பிள்ளைகள் சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக அல்ல. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியே போய்விடுவதால்தான். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை 800 மில்லி நீரை இழந்தால் உயிருக்கே ஆபத்து. 800 மில்லி என்பது எவ்வளவு? ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான்! ஒரே பகலில் அது போய்விடும்.

போன தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. உப்பும் வேண்டும். பேதியின்போது குடல் உப்பைச் சரியாக இழுப்பதில்லை. ஆனால் கொஞ்சம் சர்க்கரை கூட இருந்தால், அது உப்பையும் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. இதை விஞ்ஞானிகள் 1960களில் கண்டுபிடித்தார்கள்.

அகதி முகாமில் ஒரு டாக்டர்

1971. வங்காள தேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். கூடவே காலராவும் வந்தது. பன்காவ் என்ற எல்லை ஊரில், ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். கால் வைக்க இடமில்லை.

அங்கே வந்து சேர்ந்தார் குழந்தை வைத்திய நிபுணர் டாக்டர் திலீப் மகலநாபிஸ். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இதுதான் கணக்கு. இதைக் கல்கத்தாவில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினார்கள். முகாமில் டிரம்மில் கரைத்தார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்களே பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள்!

முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டார்கள். கரைசல் வந்த பிறகு அது நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அப்படியும் பெரிய மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. உப்பும் சீனியும் உயிர் காக்குமா என்று முகம் சுளித்தது. டாக்டர் 2022ல் காலமானார். மறு வருஷம் பத்மவிபூஷண் பட்டம் அவர் பெயருக்கு வந்தது. கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கலாம்!

அளவு தப்பக் கூடாது

இந்த வட்டாரத்தில் "மருந்து" என்றால் பட்டாசு மருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். கலவையில் அளவு தப்பினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக் கரைசலிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஒரு லிட்டர் பொட்டலத்தை, காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கொட்டுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்பதெல்லாம் கூடாது. தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிப் பிள்ளைக்குக் கெடுதல். பொட்டலம் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டருக்குத் தலை தட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு வயதுக்குள் இருந்தால், ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுக்கலாம். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். கஞ்சி, குழைந்த சோறு சாப்பிடும் பிள்ளை அதையும் சாப்பிடட்டும். டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும். பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

கடையில் வண்ணப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானத்தை இது என்று நம்பி வாங்காதீர்கள். அதில் சர்க்கரை அதிகம். பேதியைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட பானங்களில் "ஓ.ஆர்.எஸ்." என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி பல வருஷம் போராடியதன் பலன் அது.

வீட்டில் வைத்திருக்கக் கூடாத நேரம்

கண் குழி விழுந்துவிட்டதா? நாக்கு உலர்ந்ததா? ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறதா? மலத்தில் ரத்தமா? பிள்ளை குடிக்க மாட்டாமல் துவண்டு கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், பேதியோ காய்ச்சலோ, காத்திருக்கவே வேண்டாம்.

தொக்கம் எடுப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அதில் போகும் அரை நாள்தான் தப்பு.

மழை குறைந்த கரிசல் சீமை இது. தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துத்தான் புழங்க வேண்டியிருக்கிறது. மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் பிடி வைத்த அகப்பையால் மொள்ளுங்கள். ஆலையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். புட்டிப்பாலைவிடப் பாலாடை மேல். புட்டியின் ரப்பர் காம்பு கிருமிக்குக் குடியிருப்பு.

குழந்தைகளின் பேதிக்கு முக்கியமான காரணம் ரோட்டா என்ற வைரஸ். அதற்கான தடுப்பு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊசி இல்லை, வாயில் கொடுப்பதுதான். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று தடவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. உப்புக் கரைசல் பொட்டலத்தையும் அங்கேயே காசில்லாமல் கேட்டு வாங்கி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேதி ராத்திரியில்தான் வரும்.