கிருஷ்ணகிரிக் கோட்டைமலை

பெங்களூரில் தங்கிக் கல்வி பயிலும் மாணவருள் பிறநாடுகளினின்று வந்தோரும் உளர். வார விடுமுறையில் அவருட் சிலர், மலையேறும் வேட்கையால், எல்லை கடந்து கிருஷ்ணகிரிப் பக்கம் வருவதுண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளைத் தாண்டினால் மொட்டைப் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும்.

அவற்றுள் கிருஷ்ணகிரிக் கோட்டைமலை கண்ணுக்கு எளிது, காலுக்கு அரிது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ஆம் ஆண்டு, மாக்ஸ்வெல் என்னும் ஆங்கிலத் தளபதி தம் படையை இதன்மேல் ஏற்ற முயன்றார். மேலிருந்தோர் பெருங்கற்களை உருட்டிவிட்டனர், படை பின்வாங்கிற்று. போரில் எய்தாத மலை, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையாலேயே ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று கல்லுருட்டுவார் இலர், கதிரவனே பகைவன். மரநிழலற்ற பாறை முற்பகலிலேயே கொதிக்கத் தொடங்கும். குளிர்நாட்டில் வளர்ந்த மாணவர் இதனை அறியாது, பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, பாதி வழியிற் சோர்ந்துவிடுவர். மழை நனைத்த பாறையோ வழுக்கும். ஆதலின் விடியலிற் புறப்படுதல் வேண்டும். குடிநீரையும் துணையையும் உடன்கொள்ளுதல் வேண்டும். வழியறியாதார் அங்கு ஆடு மேய்ப்பாரை வினவலாம். பாறையின் இயல்பை அவரினும் அறிந்தார் யார்?

உச்சியில் சிதைந்த மதில்களிடையே குளிர்காற்று வீசும். வானம் தெளிந்திருப்பின், தென்பெண்ணை அணையின் நீர்ப்பரப்பு தொலைவில் வெள்ளித் தகடெனப் பளபளக்கும். இம்மலையடியிற் பிறந்தும் அக்காட்சியை ஒருகாலும் கண்டிராதார் உளர் என்பதே வியப்பு!