முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் நெல்மூடை ஏற்றும் வண்டிக்காரன் மூடைகளை எண்ணுவதோடு நின்றுவிடுவதில்லை. அவை வண்டியில் எவ்விடத்தில் அமைகின்றன என்பதையும் கவனிக்கின்றான். முன்புறத்தில் மூடைகள் மிகுந்தால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்புறத்தில் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். முன்னையதை முன்பாரம் என்றும் பின்னையதைப் பின்பாரம் என்றும் கூறுவர். சிறிதளவு முன்பாரம் தங்கும்படி மூடைகளை அமைப்பதே தேர்ந்த வண்டிக்காரனின் வழக்கம்.

மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டி இழுக்கப்படும் பெட்டிக்கும் இவ்வுண்மை அப்படியே பொருந்தும். றெயிலர் என்று பொதுவாக வழங்கும் இவ்விழுவைப் பெட்டி மணிக்கு ஐம்பது அறுபது மைல் வேகத்தில் ஓடுவதால், ஏற்றுவதில் நேரும் பிழை பன்மடங்கு பெருகுகின்றது. பாரம் பொருந்தாவிடில் மாடு முரண்டு பிடித்து நின்றுவிடும். யந்திரமோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. வேகம் மிகுந்து பெட்டி ஆடத் தொடங்கிய பின்னரே சாரதி தவற்றை உணர்கின்றான்.

பிரித்தானியாவில் தச்சர், மின்னிணைப்பு வேலை செய்வோர், நீர்க்குழாய் பொருத்துவோர், வர்ணம் பூசுவோர் எனப் பல தொழிலாளர் மூடிய இழுவைப் பெட்டிகளைப் பயன்படுத்துகின்றனர். கருவிகள் மழையில் நனைவதில்லை. பூட்டிவைத்தால் கள்வருக்கும் எளிதில் அகப்படா. வேலைத்தலத்தில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வாகனத்தை வேறு அலுவலுக்குக் கொண்டுசெல்லலாம். பெட்டியே சிறு களஞ்சியமாகவும் பட்டறையாகவும் உதவுவதுண்டு.

அந்நாட்டில் 1997 ஜனவரி முதலாந் திகதிக்குப் பின்னர் கார் ஓட்டும் பரீட்சையில் தேறியோர், பாரமிக்க பெட்டிகளை இழுப்பதற்கு வேறொரு பரீட்சையிலும் தேறவேண்டியிருந்தது. 2021 டிசெம்பர் 16 ஆந் திகதி அவ்விதி நீக்கப்பட்டது. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உடைய எவரும் இப்போது 3,500 கிலோகிராம் வரையான பெட்டியை இழுக்கலாம். அத்துடன், கார்களுக்கு உள்ளதுபோன்ற ஆண்டுப் பரிசோதனை இவ்வளவான பெட்டிகளுக்கு இல்லை. பெட்டி பழுதற்றது என்று ஆண்டுதோறும் சான்று கூறுவார் ஒருவரும் இல்லாதபடியால், முழுப் பொறுப்பும் அதை இழுப்பவரின் தோளிலேயே விழுகின்றது. இப்பொறுப்பு எத்தகையது என்பதை 2014 ஜனவரியில் பிறிஸ்டல் நகரில் நிகழ்ந்த விபத்து உணர்த்தியது. வாகனத்திலிருந்து கழன்ற இழுவைப் பெட்டி ஒன்று மோதி, மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதன்பின் எழுந்த முயற்சியின் பயனாக, 2018 இல் நிறைவேறிய சட்டம் ஒன்றில், இழுவைப் பெட்டி விபத்துக்களையும் அவற்றின் காரணங்களையும் ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கவேண்டும் என்ற விதி இடம்பெற்றது.

பெட்டி வாங்கப் புகுவோர் முதலில் அறியவேண்டியது நிறைக்கணக்கு. பெட்டியிற் பொருத்திய தகட்டில் அதன் உச்ச நிறை பொறிக்கப்பட்டிருக்கும். அது ஏற்றக்கூடிய பாரம் அன்று. பெட்டியும் பாரமும் சேர்ந்த மொத்த நிறையாகும். உச்ச நிறை 1,300 கிலோகிராம், வெறும் பெட்டியின் நிறை 450 கிலோகிராம் எனில், ஏற்றக்கூடியது 850 கிலோகிராம் மட்டுமே. உள்ளே தட்டுகளும் அலுமாரிகளும் அமைத்தால் அவற்றின் நிறையையும் இதிலிருந்தே கழிக்கவேண்டும்.

இழுக்கும் வாகனத்திலும் இத்தகைய தகடு உண்டு. அதில் வரிசையாக நான்கு எண்கள் காணப்படும். முதலாவது வாகனத்தின் உச்ச நிறை. இரண்டாவது வாகனமும் பெட்டியும் சேர்ந்த உச்சக் கூட்டு நிறை. எஞ்சிய இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய நிறைகள். கூட்டு நிறை குறிக்கப்படாத வாகனத்தால் எதையும் இழுத்தலாகாது. சட்டம் இடங்கொடுக்கும் எல்லைவரை ஏற்றுவதும் புதியவர்க்கு உகந்ததன்று. பாரமேற்றிய பெட்டியின் நிறை, வாகனத்தின் வெறும் நிறையில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது, காரின் பின்னே வீட்டு வண்டி இழுப்போர் நெடுங்காலமாகப் புதியவர்க்குக் கூறிவரும் அறிவுரை.

அடுத்தது பிறேக்கு. பிரித்தானிய விதிப்படி உச்ச நிறை 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெட்டிக்குப் பிறேக்கு இருத்தல் கட்டாயம். அதற்குட்பட்ட பெட்டிக்குப் பிறேக்கு இல்லையாயின், பாரத்தோடு அதன் நிறை வாகனத்தின் வெறும் நிறையிற் பாதியைத் தாண்டலாகாது. ஐரோப்பியப் பெட்டிகளில் வழங்கும் பிறேக்கு எளிய முறையில் இயங்குவது. வாகனம் வேகந்தணியும்போது பின்னே வரும் பெட்டி முன்னோக்கி நெருக்குகின்றது. அந்நெருக்கலால் இணைப்புத்தண்டு உள்ளே சரிய, அது ஒரு கம்பியை இழுத்துச் சக்கரங்களின் பிறேக்கை அழுத்துகின்றது. அமெரிக்காவில் மின்சாரத்தால் இயங்கும் பிறேக்குகள் பெரிதும் வழக்கிலுள்ளன.

ஒற்றை அச்சுடைய பெட்டி விலை குறைந்தது. கையாற் தள்ளித் திருப்புவதற்கும் எளியது. இரட்டை அச்சுடையது வீதியிற் கூடிய உறுதியுடன் ஓடும். ஒரு ரயர் வெடித்தாலும் மற்றைய சக்கரம் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோர்க்கு இரட்டை அச்சும், ஒடுங்கிய தெருக்களிற் சிறு வேலைகளுக்குச் செல்வோர்க்கு ஒற்றை அச்சும் பொருந்தும். பெட்டியின் உயரத்தையும் சிந்தித்தே தெரிவுசெய்தல் வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்காக உயர்ந்த பெட்டியை வாங்குவோர், அதன் பக்கச் சுவர் பாய்மரச் சீலைபோலக் காற்றை ஏற்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். பெரிய லொறி ஒன்று அருகே கடந்து செல்லும்போது எழும் காற்றலையும் உயர்ந்த பெட்டியை உலுக்கவல்லது.

இனி, பாரம் ஏற்றும் முறை. பெட்டியின் முன்முனை வாகனத்தின் இணைப்புக் குண்டின்மேல் அமர்கின்றது. அக்குண்டை அது அழுத்தும் நிறையே முன்பாரம். பிரித்தானியாவில் வீட்டு வண்டி இழுப்போர் இதனை மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை வைப்பர். அமெரிக்காவில் 10 முதல் 15 வரை வைப்பர். வாகனத்தைச் செய்தோரும் இணைப்பைச் செய்தோரும் குறித்த எல்லையை இது மீறலாகாது. முன்பாரம் அளவு கடந்தால் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகும். அப்போது திருப்புதலும் நிறுத்தலும் கடினமாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். பாரத்தோடு 1,000 கிலோகிராம் நிறையுடைய பெட்டி ஒன்றின் அச்சுக்கும் இணைப்புக்கும் இடையே 3 மீற்றர் தூரம் எனக் கொள்வோம். அதன் முன்பாரம் 60 கிலோகிராம். உள்ளே 100 கிலோகிராம் நிறையுள்ள மரமரியும் யந்திரம் ஒன்று, அச்சுக்கு 0.6 மீற்றர் முன்னால் இருக்கின்றது. இறக்குவதற்கு வசதியென்று தச்சர் அதனைக் கதவருகே, அச்சுக்கு 0.9 மீற்றர் பின்னால் நகர்த்திவிடுகின்றார். நிறை ஒரு கிலோகிராமேனும் கூடவில்லை. ஆயினும் முன்பாரம் 50 கிலோகிராம் குறைந்து, வெறும் 10 கிலோகிராமாகிவிடும். காலையில் அமைதியாக ஓடிய பெட்டி மாலையில் ஆடுவதற்கு இத்தகைய சிறு மாற்றமே போதும்.

முன்பாரம் சரியாயிருத்தல் மட்டும் போதாது. கனத்த பொருளொன்றை முன்முனையிலும் மற்றொன்றைப் பின்முனையிலும் வைத்து முன்பாரத்தைச் சமன்செய்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. இரு முனைகளிலும் பாரமுள்ள பெட்டி ஒருமுறை ஆடத்தொடங்கினால் எளிதில் அடங்காது. பாத் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், முன்பாரமும், அச்சின் அமைவிடமும், பாரம் முனைகளுக்குப் பரந்துள்ள அளவும் பெட்டியின் உறுதியைப் பெரிதும் மாற்றுகின்றன எனக் கண்டனர். ஆதலாற் கனத்த பொருள்களை அச்சின்மேலும், அதற்குச் சற்று முன்னும், தரையோடொட்டி வைத்தல் வேண்டும். இலேசானவையே மேல்தட்டுக்கும் முனைகளுக்கும் உரியவை. வைத்தவை நகராதபடி தரையிலுள்ள வளையங்களிற் பட்டிகளாற் கட்டுதலும் வேண்டும். வாயு உருளைகளை நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டத் துளைகளைத் திறந்து வைக்காவிடில், கசியும் வாயு மூடிய பெட்டியில் நிறைந்து ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடும்.

முன்பாரத்தை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சமதரையில், வீட்டில் உடல்நிறை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, இணைப்பு முனை வழக்கமான உயரத்தில் இருக்கும்படி அதன்மேல் இறக்கினாற் போதும். தராசு காட்டும் நிறையில் மரக்கட்டையின் நிறையைக் கழித்தால் முன்பாரம் தெரியும்.

பூட்டும்போது இணைப்புத் தலையின் அளவும் குண்டின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் இக்குண்டு 50 மில்லிமீற்றர் விட்டமுடையது. அமெரிக்காவிலோ வெவ்வேறு அளவுகள் வழக்கிலுள்ளன; பெரிய தலையைச் சிறிய குண்டின்மேல் வைத்தால் பூட்டியதுபோலத் தோன்றி, குழியில் விழுந்தெழும்போது கழன்றுவிடும். பூட்டியபின் முன்சக்கரத் தண்டைச் சுழற்றி, வாகனத்தின் பின்புறமும் சேர்ந்து உயர்கின்றதா எனப் பார்த்தலே நம்பத்தக்க சோதனை. உயராது தலை மட்டும் எழும்பினால் பூட்டு விழவில்லை என்பது பொருள். பிறேக்குள்ள பெட்டியில் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று உண்டு. பெட்டி கழன்றால் அது பெட்டியின் கைப்பிறேக்கை இழுத்துப் போட்டபின் அறுந்துவிடும். அதை வாகனத்தில் அதற்குரிய இடத்தில் மாட்டவேண்டும். பிறேக்கற்ற பெட்டிக்கு இரண்டாம் இணைப்பாகச் சங்கிலி வேண்டும். அதன்பின் விளக்குகள், இலக்கத்தகடு, சக்கர ஆணிகள், ரயர் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். நெடுநாள் ஓடாது நின்ற பெட்டியின் ரயர் தேயாமலே வெடித்துப் பழுதாகியிருத்தல் கூடும்; அதன் பக்கச்சுவரை உற்றுநோக்கினால் கீறல்கள் தெரியும். சில மைல் ஓடியபின் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளையும் ஆணிகளையும் மீண்டும் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெட்டி இழுக்கும் கார்களுக்குப் பிரித்தானியாவில் ஒற்றைப் பாதையில் மணிக்கு 50 மைலும், இரட்டைப் பாதையிலும் பெருவீதியிலும் 60 மைலுமே பொதுவான எல்லை. இலங்கையிற்போல அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிரைகளையுடைய பெருவீதியில், வலக்கோடியிலுள்ள நிரை பெட்டி இழுப்போர்க்கு விலக்கப்பட்டுள்ளது. நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் திரும்புவதற்கு வேண்டிய இடமும் கூடுவதால், முன்னே செல்லும் வாகனத்துக்கு வழக்கத்திலும் கூடிய இடைவெளி விடவேண்டும்.

இவ்வளவு கவனத்தோடு சென்றாலும், சரிவிலோ பக்கக் காற்றிலோ பெட்டி இடமும் வலமும் ஆடத்தொடங்கலாம். அவ்வேளையில் அஞ்சிப் பிறேக்கைப் பலமாக அழுத்துவதும், ஆட்டத்துக்கு எதிராகச் சுக்கானை மாறிமாறித் திருப்புவதும் ஆட்டத்தைப் பெருக்கும். சுக்கானை நேரே பிடித்து, வேகமூட்டியிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகத்தைத் தானாகத் தணியவிடுதலே முறை. ஆட்டம் அடங்கியபின் தக்க இடத்தில் நிறுத்தி, பாரம் பின்னே சரிந்துவிட்டதா எனப் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். மெதுவாக ஓடினாற் போதும் என்றெண்ணிப் பயணத்தைத் தொடர்வோர், அடுத்த சரிவில் அதே ஆபத்தை மீண்டும் சந்திப்பர்.

தொழிலாளிக்கு நேரமும் கூலிதான். காலையில் வேலைக்கு விரைபவர் நிறையளப்பதையும் பூட்டுப் பார்ப்பதையும் வீண்வேலை எனக் கருதுவது இயல்பே. எனினும் இவையனைத்துக்கும் கால்மணி நேரம் போதும். வீதியில் நடந்து செல்வோருக்குப் பெட்டியின் நிறையும் தெரியாது, பூட்டின் நிலையும் தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்து அவற்றைப் பார்க்கவேண்டியவர், புறப்படுமுன் அப்பெட்டியருகே நிற்கும் அவர் ஒருவரே.