ஒட்டுக்கேட்கும் கீபோர்டு!

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் டி.கல்லுப்பட்டி கம்ப்யூட்டர் சென்டர்களில் கூட்டம் அலைமோதும். ரிசல்ட் பார்க்க, கல்லூரிக்கு விண்ணப்பம் போட, உதவித்தொகைக்குப் பதிவு செய்ய... ஒரே கீபோர்டில் எத்தனை பேரின் விரல்கள்! பாஸ்வேர்டு அடித்தால் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது. ஆனால், கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஒருவன் ஒட்டுக்கேட்டால்?

அப்படி ஒட்டுக்கேட்கும் சாஃப்ட்வேருக்குக் 'கீ லாக்கர்' என்று பெயர். வங்கியில் நகை வைக்கும் லாக்கர் வேறு, இது வேறு. 'லாக்' என்றால் பதிவேடு. நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பதிவேட்டில் எழுதுவதால் இந்தப் பெயர்.

முதலில் கீபோர்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விசைகளுக்கு அடியில் கயிற்றுக் கட்டில் போலக் குறுக்கும் நெடுக்குமாக மின் தடங்கள் ஓடுகின்றன. நீங்கள் அழுத்திய இடத்தில் ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் சேரும். உள்ளே உள்ள சிப் அதைக் கண்டுபிடித்து ஓர் எண்ணை அனுப்பும். ஆம், எழுத்தை அல்ல, எண்ணைத்தான்! பழைய கம்ப்யூட்டர்களில் ஆங்கில 'ஏ' விசைக்கு எண் 30. விரலை எடுத்ததும் 158 என்று இன்னோர் எண் போகும். விரல் எடுத்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? 'ஷிஃப்ட்' விசை இன்னும் அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா என்று தெரிய வேண்டுமே!

அந்த எண் நேராக 'விண்டோஸ்' போன்ற இயக்க முறைமைக்குப் போகும். இதைத் தலைமையாசிரியர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் கடிதங்களை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று அங்குதான் முடிவாகும். "எந்தக் கடிதம் வந்தாலும் எனக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள்" என்று ஒரு சாஃப்ட்வேர் அங்கே அனுமதி கேட்க முடியும். இதற்குக் 'கொக்கி' போடுவது என்று பெயர்.

இந்த வசதியை ஏன் வைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல காரியத்துக்குத்தான். அழகி, எ-கலப்பை போன்ற தமிழ் எழுதும் சாஃப்ட்வேர்களும் விசைக்கும் திரைக்கும் நடுவில் நின்றுதான் ஆங்கில விசைகளைத் தமிழாக மாற்றுகின்றன. 1999இல் தமிழக அரசு அறிவித்த 'தமிழ்99' முறையில் 'கல்லுப்பட்டி' என்று எழுத எச், என், என், டி, ஜே, ஜே, ஓ, ஓ, எஸ் ஆகிய 9 விசைகள் போதும். இரட்டிக்கும் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். என்ன அழகான ஏற்பாடு!

கீ லாக்கரும் அதே வாசலில்தான் நிற்கிறது. ஆனால் எதையும் மாற்றாது. சத்தம் போடாமல் எழுதி வைத்துக்கொள்ளும். எந்த ஜன்னல் திறந்திருந்தது, எத்தனை மணி என்பதையும் சேர்த்து எழுதும். பிறகு இன்டர்நெட் வழியாகத் தன் எஜமானனுக்கு அனுப்பிவிடும்.

கம்ப்யூட்டர் பரவுவதற்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது! மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மின்சார டைப்ரைட்டர்கள் இருந்தன. ஒரு சிறிய உருண்டை சுழன்றும் சாய்ந்தும் எழுத்தைப் பதிக்கும் வகை அவை. 1984ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் அவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஓர் உலோகச் சட்டத்துக்குள் கருவி ஒளிந்திருந்தது. உருண்டை எப்படி அசைகிறது என்பதைக் காந்தப்புலத்தால் உணர்ந்து, ரேடியோ அலையில் வெளியே அனுப்பியிருக்கிறது. இப்படி 16 டைப்ரைட்டர்கள்! வைத்தது சோவியத் உளவுத்துறை. ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக்கி அனுப்பி என்ன பயன்? சங்கேதமாக்கும் முன்பே, டைப் அடிக்கும்போதே களவு போய்விட்டதே! வெப்சைட்டில் பூட்டுப் படம் தெரிந்தாலும் கீ லாக்கரிடம் அது செல்லாததற்கும் இதே காரணம்தான். பூட்டு விழுவது விசையை அழுத்திய பிறகுதானே?

2004இல் லண்டனில் உள்ள சுமிடோமோ மிட்சுய் என்ற ஜப்பானிய வங்கியில் கீ லாக்கர் போட்டு, 20 கோடி பவுண்டுக்கும் மேல் சுருட்டப் பார்த்தது ஒரு கும்பல். பணம் அனுப்பும் படிவத்தைச் சரியாக நிரப்பத் தெரியாததால் திட்டம் கவிழ்ந்தது! (படிவம் நிரப்பும் பாடத்தை இவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை போலும்.) 2009இல் தண்டனையும் கிடைத்தது. நம் நாட்டில் பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வங்கி வெப்சைட்டுகளில் திரையிலேயே கீபோர்டு படம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மவுஸால் அழுத்தினால் விசைப் பதிவு இருக்காது. ஆனால் சில கீ லாக்கர்கள் திரையையே படம் பிடித்துவிடுகின்றன. அதனால்தான் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்புகிறார்கள். திருடன் கையில் கிடைத்தாலும் சில நிமிடங்களில் அது செல்லாக் காசு. பொதுக் கம்ப்யூட்டரில் உட்காரும்போது கீபோர்டு ஒயர் சொருகும் இடத்தையும் எட்டிப் பாருங்கள். விரல் அளவு சிறு கருவியை இடையில் சொருகி வைக்கும் ஆட்களும் உண்டு.

செல்போனில் புதுக் கீபோர்டு ஆப் போடும்போது, "நீங்கள் டைப் செய்யும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை வரும். அப்பா, அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் 'சரி' என்று அழுத்துங்கள்.

இப்போது நீங்களே துப்பறியுங்கள். தமிழ்99 விசைப்பலகைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கீ லாக்கரின் பதிவேட்டில் கே, எல், டி, எம், ஆர் என்று இருக்கிறது. எழுதியவர் அடித்த ஊர்ப் பெயர் என்ன? எங்கள் ஊரில் பஸ் ஏறினால் போய்விடலாம்!