குடியியல் நீதிமன்றிலும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு

போர் ஓய்ந்து முகாமிலிருந்து வன்னியின் விசுவமடுவுக்கு மீண்டு வந்த பெண்களுள் இருவர், 2010 ஜூன் மாதத்தில் இராணுவத்தினரால் பாலியல் வன்செயலுக்கு ஆளானதாக எழுந்த முறைப்பாடு ஐந்தாண்டுகளுக்கு மேலாக விசாரிக்கப்பட்டு, 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன், நால்வருக்குக் கடூழியச் சிறைத்தண்டனையும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் விதித்துத் தீர்ப்பளித்தார். வன்னி மக்கள் அத்தீர்ப்பை மறக்கவில்லை; 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நால்வரையும் விடுதலை செய்ததையும் மறக்கவில்லை.

வன்புணர்வுக் குற்றவாளி பாதிக்கப்பட்டவளுக்கு இழப்பீடு செலுத்தியே ஆகவேண்டுமென 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை விதிக்கின்றது. ஆயினும் அவ்விழப்பீடு தண்டனையைப் பற்றியே நிற்பதால், தண்டனை தள்ளுண்டால் அதுவும் உடன் தள்ளுண்டு போகும். குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. பெண் அங்கே வெறும் சாட்சி. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபணமாகாவிடின், அவள் பட்ட துன்பம் எத்துணை மெய்யாயினும், எதிரி விடுதலையாவான்.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம டச்சுச் சட்டமோ, தன் உடலுக்கும் மானத்துக்கும் இழைக்கப்பட்ட தீங்கிற்காகப் பாதிக்கப்பட்டவளே வழக்காளியாகி மாவட்ட நீதிமன்றில் நட்டஈடு கோரும் உரிமையை அவளுக்கு வழங்குகின்றது. அங்கே எதிரி விடுதலையானமை தடையாகாது. இரு தரப்புச் சாட்சியங்களுள் எது உண்மையாயிருக்கக் கூடியது என்று நிறுத்துப் பார்ப்பதே நீதிபதியின் கடமை. தீங்கு செய்தவனோடு, அவனைப் பணியிலமர்த்திய பாடசாலை, விளையாட்டுக் கழகம், சங்கம் ஆகியவற்றையும் தக்க சந்தர்ப்பங்களில் பிரதிவாதிகளாக்கலாம். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசும் இதற்கு விலக்கன்று. பயிற்சியாளரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளைகள் வளரும் விளையாட்டுத் துறையில் இவ்வுரிமை மிக அவசியமானது. இலங்கை மகளிர் கிரிக்கெட் அணியினர் அதிகாரிகளால் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதை அரசு நியமித்த விசாரணைக் குழுவே 2015இல் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவிலோ, ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளைச் சீரழித்த வைத்தியன் லாரி நாசர் சிறை புகுந்ததோடு நில்லாமல், அவனை வேலைக்கு வைத்திருந்த மிச்சிகன் அரச பல்கலைக்கழகம் 2018இல் 50 கோடி டொலர் நட்டஈடு தர இணங்கியது.

நம் சட்டத்தின் பெருங்குறை காலவரையறையிலே இருக்கின்றது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, தீங்கு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அவ்வயது நிரம்பும் வரை அக்காலம் ஓடாது. வாய்திறக்கவே பல ஆண்டு எடுக்கும் ஒரு துன்பத்துக்கு இரண்டாண்டு போதுமென்று எண்ணியது எத்துணை கொடுமை! குதிரையேற்றப் பயிற்சியாளர்களிடம் சிறுவயதில் துன்புற்று முதுமையை நெருங்கியவர்களும் நியூயோர்க்கில் வழக்குத் தொடுக்க முடிந்ததற்குக் காரணம், 2019இல் அம்மாநிலம் பழைய வழக்குகளுக்கும் கதவைச் சில காலம் திறந்துவிட்டதேயாகும். நம் பாராளுமன்றம் அவ்வாறொரு திருத்தத்தை இன்னும் செய்யாதிருப்பதற்கு நியாயமெதுவும் எனக்குப் புலப்படவில்லை.

தீங்கிழைத்தவர் அரச அதிகாரியாயின் வேறொரு வழியும் உண்டு; ஆயின் அதற்கான காலம் இன்னும் குறுகியது. அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றை நாட ஒரு மாதமே அவகாசம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவ்விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலே உண்டு.

ஊரார் அறிந்துவிடுவார்களே என்னும் அச்சத்தால் அடங்கிப்போன பெண்கள் அனேகர். பாலியல் விடயங்களைப் பற்றிய வழக்குகளில் நீதிமன்றம் பொதுமக்களை வெளியேற்றி விசாரிக்கலாமென அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை கூறுகின்றது. இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைப் பிரசுரிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாக்கியுள்ளது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பங்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழக்குப் பேச முன்வரும். சம்பவத்தன்றே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டிப் பெற்ற அறிக்கையையும், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும், உடுத்திருந்த உடையையும் பத்திரப்படுத்தி வைத்தவளுக்கு, குற்றவியல் வழக்கு எவ்வாறு முடிந்தாலும், மாவட்ட நீதிமன்றப் படியேறும்போது அவையே முதற் சாட்சிகள்.